என் அக்காவுக்குத் தேவைப்பட்ட ஓர் ஆங்கிலச் சொல்

1

எனக்குக் கெட்டில் தூக்கத் தடை. ஆறு வாரத்துக்கு.

இங்கிலாந்தின் வடக்கே, பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊருக்கு நான் வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் முடிகிறது. அந்தப் பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் பட்டப்பகலில் கட்டிலில் படுத்திருக்கிறேன். கர்ப்பப்பை ஆப்ரேஷன் முடிந்து இன்று ஒன்பதாவது நாள். என்னென்ன செய்யக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டில் பெரிய பட்டியல் இருக்கிறது. எழுதக்கூடாது என்று அதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேற்று சாயந்திரம் இந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் எழுந்து குதிக்க வேண்டும்போல் இருக்கிறது. குதிக்கக்கூடாது. அது பட்டியலில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஆங்கிலச் சொல். ஸ்ட்ரெனுவஸ். அகராதியைக் கேட்டால், கடும் உழைப்பு வேண்டுகிற என்று பொருள் சொல்லும். கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அது வருகிறது. ஆறு வாரம் ஸ்ட்ரெனுவஸான எதையும் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு, எதெல்லாம் அப்படிப்பட்டது என்று கீழே போட்டிருக்கிறார்கள். தண்ணீர் நிரம்பிய கெட்டில். துணி உலர்த்துவது. தரையைச் சுத்தம் செய்யும் மெஷினைத் தள்ளுவது. கடையிலிருந்து பை தூக்கி வருவது.

இந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. புதுச்சேரிப் பக்கம் பாகூரில் படித்தபோது ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் அறிக்கை வாசிப்பார். சிறப்பு விருந்தினரின் ‘ஸ்ட்ரெனுவஸ் எஃபர்ட்’டால் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது, சுற்றுச்சுவர் வந்தது என்பார். அந்த இடம் வந்ததும் நாங்கள் கை தட்டவேண்டும். விருந்தினர் நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவரைக் கட்டியது எங்கள் தெருக்காரர்கள்தான், செங்கல் சுமந்தது என் அக்கா. ஆனால் ஸ்ட்ரெனுவஸ் என்பது மாலை போட்டவர்கள் செய்வது, மற்றவர்கள் செய்வதற்குப் பெயர் வேலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இங்கே வந்து பார்த்தால் சொல்லுக்கு வேறு ஊர், வேறு புழக்கம். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் லிண்டா, தன் நாயை மேட்டுத்தெரு வரை நடத்திப் போனதை ஸ்ட்ரெனுவஸ் என்பாள். செய்தியைப் போட்டால், யாரோ ஒரு பெரிய மனிதர் தன் மேல் வந்த புகாரை ‘ஸ்ட்ரெனுவஸாக’ மறுக்கிறார் என்று வரும். இல்லை என்று சொல்வதற்குக்கூட இந்த ஊரில் வியர்க்குமா என்று எனக்கு ஆச்சரியம்.

ஆப்ரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். உங்கள் வேலையில் ஸ்ட்ரெனுவஸான காரியம் ஏதாவது உண்டா? ஒன்றும் இல்லை என்றேன். பக்கத்தில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மகள் இனியா நிமிர்ந்தாள். பதினைந்து வயது. வீட்டில் தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அவளே நர்ஸிடம் சொன்னாள், அம்மா தினமும் பன்னிரண்டு பேரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கிறாள், அவர்களில் ஒருவர் தொண்ணூறு கிலோ என்று. நர்ஸ் என்னைப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார்.

“ஏம்மா பொய் சொன்ன?” என்றாள் இனியா, பஸ்ஸில்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அதுதான் வரும்.

2

இப்போது என் அக்காவைச் சொல்லவேண்டும். பெயர் அஞ்சலை. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். கிருமாம்பாக்கத்தில் பஸ் இறங்கி மேற்கே நடந்தால் வரும் ஊரில் இருக்கிறாள். நடவு ஆட்களுக்குத் தலைவி. பதினெட்டுப் பெண்கள் அவள் சொன்னால் வருவார்கள். விடியற்காலையில் எல்லாருக்கும் போன் அடித்து எழுப்பி, குட்டியானை வண்டியில் ஏற்றி, எந்த ஊர்க் கழனியாக இருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் பாதி நட்டு முடித்துவிடுவாள். நடவு இல்லாத நாளில் களை, களை இல்லாத நாளில் கரும்புக்குத் தோகை உரிப்பது.

இவளிடம் போய், அக்கா என்ன செய்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.

“சும்மாதான்டி இருக்கன்” என்பாள்.

எல்லாரும் இப்படித்தான். தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வருகிறவளைக் கேட்டாலும் சும்மாதான் போறேன் என்பாள். வேலையாக இருக்கிறேன் என்று சொன்னால் கேட்டவரைத் துரத்துவதாகிவிடும். கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால் பெருமை அடித்துக்கொள்வதாகிவிடும், கண்ணும் பட்டுவிடும். அக்கா ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பெண்டு நிமிர்ந்துவிட்டது என்று புலம்புவாள். பாங்கில் பாஸ்புக் பதிய வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கும் இதே ஆப்ரேஷன் நடந்தது. எனக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை, போகமுடியவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்தபோது அவள் பின்னால் பெண்கள் பேசும் சத்தமும் தண்ணீர் சளசளக்கும் சத்தமும் கேட்டன.

“எங்கக்கா இருக்க?”

“வூட்லதான். சும்மாதான் இருக்கன்.”

நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

என் ஆப்ரேஷனுக்கு ஜூலையில் தேதி கொடுத்தார்கள். என் கணவர் சேகருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, இரண்டு வாரத்துக்கு மேல் லீவு தரமாட்டார்கள். இனியாவுக்குப் பரீட்சை. அதைவிட, எனக்குப் பயமாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கண் விழிக்கும்போது அக்கா முகம் தெரியவேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி ஆசை. பதினோரு வருடமாகக் கூப்பிட்டும் ‘அங்க வந்து நான் இன்னா பண்ணப்போறன்’ என்றவள், இந்த முறை ஒரே வார்த்தையில் சரி என்றாள்.

“வரன்டி. சொர்ணவாரி நட்டுட்டு வரன். களைக்குத் தனம் பாத்துக்குவா. சம்பா நடவுக்குள்ள என்னத் திருப்பி அனுப்பிடணும்.”

சொர்ணவாரி கோடைப் பட்டத்து நெல், சம்பா ஆடிக்குப் பிறகு நடுவது. தனம் அவளுடைய ஆட்களில் ஒருத்தி, அக்காவின் வலது கை.

விசா விண்ணப்பத்தைக் கிருமாம்பாக்கத்தில் ஒரு நெட் சென்டரில் போட்டாள். நெட் சென்டர் நடத்தும் பெண் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத் தட்டியிருக்கிறாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி வந்ததும் அக்கா வழக்கமான பதிலைச் சொன்னாள். அந்தப் பெண்ணும் வேலை இல்லை என்று போட்டுவிட்டாள். ஊரில் உங்களுக்கு என்ன பொறுப்பு இருக்கிறது? இன்னா இருக்கு, ஒண்ணும் இல்ல. அதையும் அப்படியே போட்டுவிட்டாள்.

மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரருக்கு வேலை இல்லை, திரும்பிப் போவதற்கான காரணம் எதுவும் காட்டப்படவில்லை, ஆகவே வருகை முடிந்ததும் நாடு திரும்புவார் என்பதில் திருப்தி ஏற்படவில்லை. எழுதியவர்மேல் தப்பு சொல்ல முடியாது. நாங்கள் சொன்னதைத்தான் எங்களுக்குத் திருப்பிச் சொல்லியிருந்தார்கள்.

நான் அழுதேன். அக்கா போனில் சிரித்தாள். “திரும்பி வரமாட்டனாமா? நான் வரலன்னா இங்க நடவு யாருடி நடுவா?”

இனியா என் கையிலிருந்து போனை வாங்கினாள். “பெரிம்மா, அதை ஏன் ஃபாரம்ல சொல்லல?”

“அத்தப் போயி யாருகிட்டயாவது சொல்லுவாங்களா?”

3

இரண்டாவது விண்ணப்பத்தை இனியா கையில் எடுத்தாள். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. ஊருக்குப் போனால் மூன்றாவது நாளே வைஃபை எங்கே என்று கேட்கிற பெண். ஆனால் மறுப்புக் கடிதத்தில் பெரியம்மாவுக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தது அவளுக்கு உறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அக்காவைப் பிடித்தாள். எத்தனை மணிக்குப் போவீர்கள், எத்தனை மணிக்கு முடியும், எவ்வளவு நேரம் குனிந்திருப்பீர்கள்?

“யாரு கணக்குப் பாத்தா? நட்டு முடிக்கிற வரைக்கும்.”

“நடுவில நிமிருவீங்களா?”

“எதுக்கு நிமிரணும்?”

என் மகள் போனை வைத்துவிட்டு வரவேற்பறைக்குப் போனாள். பென்சில், பேனா, தலைக் குத்தூசி எல்லாவற்றையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். குனிந்து, கம்பளத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். நடவில் பின்பக்கமாகத்தான் போகவேண்டும், நட்டதை மிதிக்கக்கூடாது. சேகர் சோபாவில் உட்கார்ந்து நேரம் பார்த்தார். நான்காவது நிமிடம் இனியா கம்பளத்தில் மல்லாந்து விழுந்தாள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவள்.

“நாலு நிமிஷம்பா” என்றாள். “சேறு இல்லாம. வெயில் இல்லாம.”

அதற்குப் பிறகு எங்களுக்குள் வந்த சண்டை பெயரடை பற்றியது. கடிதத்தில் அக்காவின் வேலையை எப்படிச் சொல்வது? ‘ஹார்ட்’ போதும் என்றார் சேகர். அது எல்லாரும் எல்லாவற்றுக்கும் போடுவது என்றாள் இனியா. தமிழில் யோசித்து, இடுப்பு ஒடிகிற, நாக்குத் தள்ளுகிற, முட்டி தேய்கிற என்று நான் அடுக்கினேன். இதையெல்லாம் எழுதினால் பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார்கள், விசா தரமாட்டார்கள் என்றாள். அப்போது மேசைமேல் என் கையேடு கிடந்தது. நான் அதைத் தட்டினேன். கெட்டில் தூக்குவது ஸ்ட்ரெனுவஸ் என்றால் இதற்கு அந்தச் சொல்லைவிட்டால் வேறு எது?

“அது ஜிம்முக்குச் சொல்றதும்மா” என்று தயங்கினாள். பிறகு கம்பளத்தில் கிடந்த பென்சில்களைப் பார்த்தாள். எழுதினாள். அதற்கு முன்னால் ‘வெரி’ போடலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம், அந்தச் சொல் தனியாகவே நிற்கும் என்றாள். தலைமையாசிரியர் மாலை போட்டவருக்குக் கொடுத்த சொல்லை என் மகள் அஞ்சலைக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்து, அவள் ஊர் திரும்புவதற்கு அத்தாட்சி. எங்கள் பக்கத்தில் நடவு ஆட்களைப் பேசுகிற நிலத்துக்காரர், தலைவியின் கையில் வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி சொல்வார். அதை வாங்கிவிட்டால் அவ்வளவுதான். வீட்டில் எது நடந்தாலும் அந்தத் தேதியில் ஆட்கள் கழனியில் நிற்கவேண்டும். வெற்றிலை வாங்கிவிட்டு அக்கா போகாமல் விட்ட நடவு ஒன்றுகூட இல்லை. சம்பாவுக்கு இப்போதே வெற்றிலை வாங்கிக்கொள் என்று சொன்னோம். நிலத்துக்காரர் ஒருவர், இன்ன மாதம் நடவுக்கு அஞ்சலை அம்மாள் என்னிடம் வெற்றிலை பாக்கு வாங்கியிருக்கிறார், அவர் வராவிட்டால் என் கழனி கரம்பாகக் கிடக்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனியா அதை ஆங்கிலத்தில் எழுதும்போது பயந்தாள், வெற்றிலையைப் போதைப் பொருள் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று. கீழே ஒரு பத்தி விளக்கம் சேர்த்தாள். பதினெட்டுப் பெண்களும் அக்காவும் வரப்பில் நிற்கும் படத்தையும் வைத்தாள்.

சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தாள் அக்கா. அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் நாளுக்குப் பத்து முறை போனைப் பார்த்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை, முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது இனியா பள்ளியிலிருந்து செய்தி அனுப்பினாள். கிடைத்துவிட்டது! நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெரியவர், யார் ஜெயித்தது என்று கேட்டார். என் அக்கா என்றேன்.

4

மான்செஸ்டர் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கவுன்டரில் கேள்வி கேட்டால் சும்மா இருக்கேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் எனக்கு. விமானம் ஏறும் வரை இனியா அவளுக்குப் பாடம் சொல்லியிருந்தாள். கதவு திறந்தது. மஞ்சள் புடவை, அதன்மேல் நாங்கள் ஊரில் விட்டுவந்த சேகரின் பழைய ஸ்வெட்டர், தள்ளுவண்டியில் ஊறுகாய் வாசனையோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அஞ்சலை அக்கா!

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் முதலில் சொன்னது இதுதான்.

“உக்காந்து உக்காந்து பெண்டு நிமிந்துடுச்சிடி.”

கவுன்டரில் என்ன கேட்டார்கள் என்றேன். “அந்தப் பொண்ணு ஏதோ கேட்டுச்சி. நான் ஸ்ட்ரெனுவஸுன்னேன். போன்னு உட்டுடுச்சி.”

இனியா சிரித்ததில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மாவின் பெட்டியை அவளே தள்ளிக்கொண்டு போனாள். கார் வரைக்கும் தமிழிலேயே பேசினாள், தப்புத் தப்பாக.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது எதிரே அக்கா முகம் தெரிந்தது. நான் கேட்டது கிடைத்தது.

5

நேற்று சாயந்திரத்துக்கு வருகிறேன். அக்கா குழம்பு வைத்துவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் கை நீட்டினேன். இனியா ஓடிவந்து தடுத்தாள், கையேட்டைக் காட்டி.

“அதுல அப்படி இன்னாதான் போட்டிருக்கு? படி, கேக்கறன்” என்றாள் அக்கா.

இனியா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். கெட்டில், துணி, பை. அக்கா முதலில் சிரித்தாள். இதெல்லாம் ஒரு வேலையா என்றாள். ஆறு வாரம் என்று வந்ததும் சிரிப்பு நின்றது. ஏன் ஆறு வாரம் என்று கேட்டாள். உள்ளே தைத்தது ஆறுவதற்கு, அதற்கு முன்னால் பாரம் தூக்கினால், குனிந்தால், அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோல் ஆகிவிடும், பிறகு சரி செய்வது கஷ்டம் என்று இனியா படித்தாள்.

அக்கா இனியாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்கு அப்படித்தான்டி இருக்கு” என்றாள். “எட்டு வருசமா. சாயந்திரமானா எறங்கற மாதிரி இருக்கும். துணிய இறுக்கிக் கட்டிக்கினு போவன்.”

“ஏங்க்கா, உனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?”

“கேட்டாங்களே. நல்ல டாக்டரம்மா. வூட்டுக்குப் போற அன்னிக்குக் கூப்ட்டு வெச்சிக் கேட்டாங்க, இன்னா வேலம்மா செய்றன்னு. நான் இன்னா சொன்னேன்? வேல இன்னா வேல, சும்மா வூட்லதான் இருக்கன்னேன். அப்ப சரி, அப்படியே ரெஸ்ட்டா இருன்னாங்க.” கையைப் பார்த்துக்கொண்டாள். “பதினெட்டாம் நாளு நடவுக்குப் போனேன். வெத்தல வாங்கியிருந்தேன்ல.”

அன்றைக்குப் போனில் நான் கேட்ட தண்ணீர்ச் சத்தம் எனக்கு மறுபடி கேட்டது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டபோது நானும் அதே பதிலைத்தான் சொன்னேன், ஆனால் என் பக்கத்தில் இனியா இருந்தாள், அக்கா பக்கத்தில் யாரும் இல்லை. இனியா பெரியம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அக்காதான் எங்கள் இரண்டு பேரையும் அதட்டினாள்.

“இன்னாத்துக்கு அழுவற? அழுவறதும் அந்தக் காயிதத்துல இருக்கப்போவுது.”

திடீரென்று எழுந்து போனை எடுத்தாள். ஊரில் நேரம் என்ன என்று கணக்குப் பார்க்கச் சொன்னாள். இரவு எட்டரை என்றேன். தனத்துக்கு அடித்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தனத்துக்கும் அடுத்த மாதம் இதே ஆப்ரேஷன். ஸ்பீக்கரில் தனத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தனம், டாக்டரு இன்னா வேல செய்றன்னு உன்னக் கேப்பாங்க. இன்னா சொல்லுவ?”

“இன்னாத்த சொல்றதுக்கா? சும்மா வூட்லதான்...”

“செருப்பாலயே அடிப்பன்!” அக்கா போட்ட சத்தத்தில் நான் கட்டிலில் துள்ளினேன். “நடவு நடறன்னு சொல்லு. விடியக்காலம் எறங்கி மத்தியானம் வரைக்கும் சேத்துல குனிஞ்சி நிக்கறன்னு சொல்லு. நாத்துக் கட்டு தூக்கறன், தண்ணிக் கொடம் தூக்கறன், மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்கறன். ஒண்ணு உடாத சொல்லு. சொல்லிட்டு, எத்தினி நாளு செய்யக்கூடாதுன்னு நீயே கேளு. எழுதி வாங்கிக்கினு வா.”

“சம்பா நடவு வருதேக்கா.”

“நீ எறங்காத. வரப்புல குந்திக்கினு ஆளுங்கள அதட்டு. நானும் வந்ததும் டாக்டரப் பாக்கறன். எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு.”

தனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அக்காவுக்கு வெளிநாடு போனதும் என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பாள். சரிக்கா, சரிக்கா என்றாள். இனியா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள். கீழே அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு மாத்திரை கொடுக்கவேண்டிய நேரம். துவைத்த துணி கூடையில் கிடந்தது.

“சரிக்கா, நீ இன்னா பண்ற அங்க?” என்றாள் தனம்.

அக்கா வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், ஐம்பத்தைந்து வருடமாக அந்த வாயில் வருவது. அவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், இனியாவைப் பார்த்தாள்.

“வேலையா இருக்கன்டி” என்றாள். “அப்புறம் பேசு.”